பிரேக் ஆயில் எது என்று கேட்காமல் வண்டியை விடாதீர்கள்: சிங்கிள் ஸ்பீடு மாற்றத்தில் நான் ஏமாந்த கதை

கோயம்புத்தூரில் மவுண்டன் பைக்கை சிங்கிள் ஸ்பீடாக, அதாவது கியர் மாற்றமே இல்லாத வண்டியாக, மாற்றக் கடையில் விடப் போகிறீர்கள் என்றால், விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே விட்டு வாங்கியவர்கள் அடுத்த மலை இறக்கத்துக்கு முன் படியுங்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள், அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

என்னுடையது 29 இன்ச் சக்கரம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், 24 கியர். வார இறுதிகளில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்டுவேன். அங்கே ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. அந்தச் சேற்றில், கியர் மாற்றும்போது செயினை நகர்த்துகிற பின்பக்க டீரெய்லர் இரண்டு வருடத்தில் மூன்று முறை வளைந்துவிட்டது. கியரே வேண்டாம், ஒரே பல்சக்கரம் போதும் என்று முடிவு செய்தது அப்படித்தான். அந்த முடிவில் இன்றும் எனக்கு வருத்தம் இல்லை. சேறும் கல்லும் இருக்கிற இடத்தில் சிங்கிள் ஸ்பீடு மாதிரி நிம்மதியான வண்டி கிடையாது.

கடைக்காரர் வாட்ஸ்அப்பில் விலை அனுப்பினார். முன்னால் 32 பல், பின்னால் 20 பல், செயினைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், புதுச் செயின், முன் சக்கரத்துக்கு 180 மில்லிமீட்டர் பிரேக் டிஸ்க், இரண்டு பக்கமும் புது பிரேக் பேட், பிரேக் ஆயில் மாற்றுவது, எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். நான் ஒத்துக்கொண்டு பாதிப் பணம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துப் போனபோது வண்டி பளபளவென்று துடைத்து நின்றது. மீதியைக் கொடுத்து எடுத்து வந்தேன். பில் கேட்டேன், ஜிஎஸ்டி போட்டால் விலை கூடும் என்றார், விட்டுவிட்டேன். கழற்றிய டீரெய்லர், கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு), ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) எங்கே என்று கேட்டதற்கு, "அது எல்லாம் போனதுங்க, எடைக்குப் போட்டாச்சு" என்று பதில் வந்தது. அந்த ஷிஃப்டர் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஏற்றத்தில் வண்டி நகரவில்லை. சிங்கிள் ஸ்பீடு என்றால் கஷ்டமாகத்தான் இருக்கும், கால் பழக வேண்டும் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் முட்டி வலிக்க ஆரம்பித்தது. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து பல்லை எண்ணினேன். முன்னால் 34, பின்னால் 16.

இந்த எண்களைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் இதில்தான் எல்லோரையும் குழப்புகிறார். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சக்கரத்தின் இன்ச் அளவால் பெருக்கினால் வருவது கியர் இன்ச். சக்கர அளவு வேறு வேறாக இருந்தாலும் இந்த ஒரு எண்ணை வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிடலாம். நான் கேட்ட 32:20, என் சக்கரத்துக்கு 46.4 இன்ச். அவர் போட்டது 61.6. பெடல் ஒரு சுற்று சுற்றினால் முதலாவதில் வண்டி 3.7 மீட்டர் போகும், இரண்டாவதில் 4.9 மீட்டர். ஏற்றத்தில் பெடலை நிமிடத்துக்கு 50 சுற்றுக்குக் கீழே விட்டால் எனக்கு வண்டி தடுமாறும். அந்த 50 சுற்றுக்கு 32:20-ல் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகம் போதும். 34:16-ல் கிட்டத்தட்ட 15 வேண்டும். நானும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறுகிற சரிவில், புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே முதலாவதுக்கு 270 வாட் அளவுக்கு உழைக்க வேண்டும், இரண்டாவதுக்கு 360 வாட்டுக்கு மேல். என்னைப் போல வாரம் ஒருமுறை ஓட்டுகிறவரால் 360 வாட்டைச் சில நிமிடம் தாங்குவதே பெரிய விஷயம். முட்டி வலித்ததில் ஆச்சரியம் இல்லை.

கடைக்காரரிடம் கேட்டபோது, "எல்லாரும் ரெண்டுக்கு ஒண்ணுதாங்க போடறாங்க, அதுதான் ஸ்டாண்டர்டு" என்றார். ரெண்டுக்கு ஒன்று என்பது, அதாவது 32:16, 26 இன்ச் சக்கரம் இருந்த காலத்துக் கணக்கு. அந்தச் சக்கரத்தில் அது 52 இன்ச் வரும். 29 இன்ச் சக்கரத்தில் அதே உணர்வு வேண்டுமென்றால் 32:18 போட வேண்டும், அது 51.6. கோத்தகிரி மாதிரி மேடு உள்ள இடத்துக்கு 20 பல், ஏன் 21 பல்கூட நியாயம். சமதளத்தில் வேகம் குறையும்தான். 32:20-ல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலும் 20 கிலோமீட்டர்தான் போகும். மலைப் பாதைக்கு வாங்குகிற வண்டியில் அந்த இழப்பு பரவாயில்லை. அது போகட்டும், அவர் போட்டது ரெண்டுக்கு ஒன்றுகூட இல்லை, அதைவிடக் கனமான கியர். கடையில் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

பின்னால் இருந்த 16 பல்லும் புதிது அல்ல. பழைய கேசட் ஒன்றைப் பிரித்து எடுத்த பல்சக்கரம் அது. கேசட் பல்லைச் செயின் சுலபமாக ஏறி இறங்குவதற்காகவே செய்கிறார்கள்: சில பல் குட்டையாக இருக்கும், பக்கவாட்டில் சரிவு வெட்டியிருக்கும். சிங்கிள் ஸ்பீடில் இதற்கு நேர் எதிர், செயின் எக்காரணம் கொண்டும் வெளியே போகக்கூடாது. அதற்கென்று வருகிற பல்சக்கரத்தில் எல்லாப் பல்லும் ஒரே உயரம், அடிப்பக்கமும் தடிமனாக இருக்கும். தடிமன் இல்லாத பல்சக்கரத்தை அலுமினிய ஃபிரீஹப்பில் (பின் சக்கரத்தில் பல்சக்கரம் ஏறி உட்காரும் உருளை) போட்டு நின்று மிதித்தால் அது ஹப்பைக் கடித்துப் பள்ளம் போட்டுவிடும். என் ஹப்பில் மூன்று இடத்தில் பள்ளம் இருக்கிறது.

அதைவிட மோசம், முன் பல்சக்கரத்தைக் கிராங்கின் (பெடல் தண்டின்) வெளி வரிசையில் மாட்டியிருந்தார்கள். முன் பல்லும் பின் பல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நேர் ஸ்கேலை முன்பல்லின் மேல் வைத்துப் பின்னால் பார்த்தபோது ஏழு மில்லிமீட்டர் விலகல். மூன்று வரிசை இருந்த கிராங்கில் நடு வரிசைதான் சிங்கிள் ஸ்பீடுக்குச் சரியாக உட்காரும். மீதி விலகலைப் பின்னால் உள்ள ஸ்பேசர் வளையங்களை இடம் மாற்றினாலே சரிசெய்துவிடலாம். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் மூன்றாவது வாரம் ஒரு மேட்டில் நின்று மிதிக்கும்போது செயின் கழன்று, முட்டி நேராக ஹேண்டில் தண்டில் போய் இடித்தது.

இதுவரை சொன்னது பண நஷ்டமும் முட்டி வலியும். இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள், பேருந்து, காய்கறி லாரி எல்லாம் உண்டு. மலை வண்டிக்காரர்களுக்கு இறக்கத்தில் பிரேக் சூடாவது புதிய செய்தி அல்ல. 1976-ல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய ஒற்றை கியர் சைக்கிள்களை வைத்து ஒரு மண்பாதையில் இறங்கும் போட்டியைத் தொடங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற ஹப் பிரேக். ஒருமுறை இறங்கினால் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் எரிந்து புகையாகிவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயர் வந்தது. இன்று ஆயில் அழுத்தத்தால் பிடிக்கிற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருப்பதால் நாம் அந்தப் பயம் இல்லாமல் இறங்குகிறோம். உள்ளே இருக்கும் ஆயில் சரியாக இருந்தால்தான் அந்த நம்பிக்கைக்கு அர்த்தம்.

அந்தப் பாதையில் நான் இறங்கிய அன்று காலையிலிருந்தே முன் பிரேக் லீவர் மெதுவாகத் திரும்பியது. பின் டிஸ்க் எதையோ உரசிக்கொண்டே வந்தது. புது பேட் படியவில்லை போல என்று நினைத்து இறங்கிவிட்டேன். பாதி இறக்கத்தில் ஒரு வளைவு வரும்போது வலது லீவரை, அதாவது முன் பிரேக்கை, பிடித்தேன். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டியது. பின் பிரேக்கை மட்டும் வைத்து அந்த வளைவைத் திருப்ப முடியாது என்று தெரிந்தது. எதிரே லாரி வரும் ஹாரன் கேட்டது. மலைச் சுவர்ப் பக்கத்து வடிகாலில் வண்டியைச் சாய்த்து விழுந்தேன். முழங்கையில் நான்கு தையல். மறுபக்கம் சாய்ந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நண்பர் ஒருவர் சொன்ன வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் லீவரைப் பிரிப்பதற்கு முன்பே ஹேண்டில் அருகே ஃபிரேமின் பெயிண்ட் கொப்பளித்திருப்பதைக் காட்டினார். "இது டாட் ஆயில் சொட்டின அடையாளம் சார். உங்க பிரேக்குக்கு மினரல் ஆயில்தான் ஊத்தணும்" என்றார். என் பிரேக் ஷிமானோ. அதற்கு மினரல் ஆயில் மட்டும்தான். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற டாட் 4 என்பது முற்றிலும் வேறு ரசாயனம். மினரல் ஆயிலுக்காகச் செய்த ரப்பர் சீலில் அது பட்டால் சீல் ஊதிக் கெட்டுவிடும். பிஸ்டன் உள்ளே போகாமல் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் பின் டிஸ்க் உரசியது. பிறகு சீல் அழுத்தத்தைத் தாங்காமல் கைவிடும், அதனால்தான் முன் லீவர் விழுந்தது. டாட் ஆயிலுக்கென்று செய்த பிரேக்குகளும் உண்டு. அவற்றில் மினரல் ஆயிலை ஊற்றினாலும் இதே கதிதான். எந்த ஆயில் என்று பெரும்பாலும் லீவர் மூடியிலேயே எழுதியிருக்கும்.

கழற்றி வைத்த டிஸ்க்கை அளந்தோம். 180 என்று காசு வாங்கியது 160 தான், என் பழைய டிஸ்க்கையே துடைத்து மாட்டியிருக்கிறார்கள். அதன் மேல் ரெசின் பேட் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. போட்டிருந்ததோ உலோக பேட். அந்த டிஸ்க் சீக்கிரமே தேய்ந்து போகும்.

மறுநாள் கடைக்குப் போய்க் காட்டினேன். "ஆயில் எல்லாம் ஒண்ணுதாங்க. புல்லட்டுக்கே இதுதான் ஊத்தறோம், சைக்கிளுக்கு ஆகாதா?" என்றார். பிறகு பேச்சை மாற்றி, பின்னால் நீளமான அச்சுப் பள்ளம் உள்ள ஒரு பழைய இரும்பு ஃபிரேமைக் காட்டி, ஆறாயிரம் கொடுத்தால் டென்ஷனரே வேண்டாம், எந்தப் பல்லும் போட்டுக்கொள்ளலாம் என்றார். யாராவது இப்படிச் சொன்னால் நம்பி வாங்கிவிடாதீர்கள். அந்த மாதிரி ஃபிரேமில் அதே செயினோடு பின்னால் ஒரு பல் கூட்டினால் அச்சு சுமார் மூன்று மில்லிமீட்டர் முன்னால் நகரும். 16-லிருந்து 20-க்குப் போனால் கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர். சக்கரத்தோடு டிஸ்க்கும் நகரும், ஆனால் அந்த ஃபிரேமில் பேட்டைத் தாங்கும் காலிப்பர் அசையாமல் பற்றவைத்த இடத்தில் நிற்கிறது. பேட் பாதி டிஸ்க்கைப் பிடிக்கும், பாதி வெளியே நிற்கும். அச்சோடு காலிப்பரும் சேர்ந்து நகரும்படி செய்த ஃபிரேம்கள் இருக்கின்றன, அவற்றில்தான் டிஸ்க்கும் பல் மாற்றமும் ஒத்துப்போகும்.

இப்போது என் வண்டியில் 32:20, நடு வரிசையில். இரண்டு பிரேக்கையும் லீவர், ஹோஸ், காலிப்பரோடு மொத்தமாக மாற்றினேன், ஏனென்றால் டாட் ஆயில் போன பாதையைக் கழுவி நம்ப முடியாது. அதற்கு மட்டும் 7,400 ரூபாய். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் விலைப்பட்டியலும் பணம் அனுப்பிய ரசீதும் இருக்கின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

அன்று கடையிலிருந்து கிளம்பும்போது உள்ளே ஒரு பையனின் வண்டி ஸ்டாண்டில் நின்றது. பத்தாவது படிப்பான், பள்ளிச் சீருடையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அதே பாட்டிலிலிருந்து வேலைக்காரர் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, இந்த வண்டியை மலைக்கு எடுத்துட்டுப் போகாதே, அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றேன். கடைக்காரர் என்னை வெளியே போகச் சொன்னார். அந்தப் பையனின் பெயரோ நம்பரோ என்னிடம் இல்லை.

அதனால் கோவையில் கடந்த சில மாதங்களில் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஆயில் மாற்றிய யாராக இருந்தாலும் இதைச் செய்துபாருங்கள். தெரிந்த மெக்கானிக்கை வைத்து லீவர் மூடியைத் திறந்து ஒரு சொட்டு ஆயிலை எடுத்து, கண்ணாடி டம்ளரில் உள்ள தண்ணீரில் விடுங்கள். மினரல் ஆயில் மேலே மிதக்கும். தண்ணீரோடு கலந்து மறைந்தால் அது டாட் ஆயில். உங்கள் பிரேக் மினரல் ஆயிலுக்கானது, சொட்டும் கலந்துவிட்டது என்றால், வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் தள்ளிக்கொண்டு போங்கள். பத்தாவது படிக்கும் அந்தப் பையனை யாருக்காவது தெரிந்தால், சிவப்பு ஃபிரேம், 27.5 இன்ச் சக்கரம், முன் ஃபோர்க்கில் மஞ்சள் ஸ்டிக்கர், தயவுசெய்து அவன் வீட்டில் சொல்லிவிடுங்கள்.