பரவைக்கடலில் வெயிலால் ஓடும் வள்ளம்: மூன்று ஆண்டு அனுபவம்

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது, யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் எங்கள் வள்ளம் நாட்கணக்கில் கட்டியபடியே கிடந்தது. ஆழமில்லாத நீரேரியான பரவைக்கடலில் களங்கண்டி வலை (கம்பு நட்டுக் கட்டும் வலை) வைத்து இறாலும் நண்டும் எடுக்கும் எங்களுக்கு அன்றாடம் போய்வரும் தூரம் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டாது. ஆழமும் பெரும்பாலும் ஓராள் மட்டத்துக்குள்தான். இவ்வளவு தூரத்துக்கு வெயிலே போதும் என்று எனக்குத் தோன்றியது. 2023 தைப்பொங்கல் கழிந்த கையோடு, எங்கள் 18 அடி பைபர் வள்ளத்தின் நடுவில் சட்டம் அடித்து 400 வாற் பனல்கள் இரண்டைப் பூட்டி, பின்புறத்தில் மூன்று கிலோவாற் மின்மோட்டரை ஏற்றினோம்.

பார்க்க வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “ஒருக்கா சார்ஜ் பண்ணினால் எவ்வளவு தூரம் ஓடும்?” என்பதுதான். வேகத்தைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் வள்ளத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 500 வாற் போதும். 8 கிலோமீட்டருக்கு 1,200 வாற் வேண்டும். 10 கிலோமீட்டரைத் தொட 2,800 வாற் இழுக்கிறது. நீரில் வேகம் கூடக்கூடத் தேவைப்படும் வலு ஏறத்தாழ அதன் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறுவதே காரணம். ஆகவே, ஐந்து அலகு (கிலோவாற்-மணி) கொள்ளும் அதே பற்றரியில் நான்கு அலகை மட்டும் எடுத்தால், நிதானமாகப் போகும்போது 48 கிலோமீட்டர் கிடைக்கிறது. விரட்டினால் 15 கிலோமீட்டர்கூடத் தேறாது. அவசரக்காரருக்கு இந்த வள்ளம் ஒத்துவராது என்பதை வாங்குவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

பற்றரியில்தான் நாங்கள் அதிகம் பாடம் படித்தோம். செலவைக் குறைக்க எண்ணி முதலில் 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரிகள் நான்கை வைத்தோம். நூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்தப் பாரத்தால் வள்ளம் பின்பக்கம் தாழ்ந்தது. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கக்கூடாது என்று தெரிந்திருந்தும், காற்று எதிர்த்த நாட்களில் இறக்காமல் கரைசேர முடியவில்லை. பதினான்கு மாதத்தில் அவை உயிர்விட்டன. பிறகு வாங்கிய 51.2 வோல்ற் லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி பாதிப் பாரம்கூட இல்லை. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. முக்கால்வாசி இறங்கும்வரை வோல்ற் அளவு பெரிதாக அசையாது. ஆகையால் வோல்ற்மானியை நம்பிக் கடலுக்குப் போகக்கூடாது, உள்ளே போன அம்பியரையும் வெளியே வந்த அம்பியரையும் எண்ணிக் கழிக்கும் மானி ஒன்று கட்டாயம் வேண்டும். அதுவும் இருந்தும் ஒருநாள், மண்டைதீவுப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, மானி முப்பது வீதம் காட்டிய நிலையில் மோட்டர் சட்டென்று நின்றுவிட்டது. தம்பியும் நானும் கம்பு ஊன்றித்தான் கரைக்கு வந்தோம். வாரக்கணக்கில் பற்றரியை முழுமையாக நிரப்பாமல் ஓட்டியதால் உள்ளிருக்கும் பதினாறு கலங்களும் சமநிலை குலைந்து, அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு வற்றியிருக்கிறது. பற்றரிக்குள் இருக்கும் காவல் சுற்று அதைக் கண்டு மின்னைத் துண்டித்திருக்கிறது. இப்போது வாரம் ஒருமுறை நூறு வீதத்துக்கு ஏற்றி, இரண்டு மணி நேரம் அப்படியே விடுகிறோம். அந்தத் தொல்லை திரும்ப வரவில்லை.

வெயில் ஒருநாளும் எங்களை ஏமாற்றியதில்லை, உப்புத்தான் ஏமாற்றியது. கோடையில் பரவைக்கடல் வற்ற வற்ற உப்புச் செறிவு ஏறும். கடல் நீருக்கும் தாங்கும் என்று சொல்லி விற்கப்பட்ட இணைப்பிகளை ஏழாம் மாதம் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. விரலால் தொட்டதும் ஊசி முறிந்து கையோடு வந்தது. இன்று ஒவ்வொரு முனையும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில், கிறீஸ் தடவி, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூடப்பட்டிருக்கிறது. மோட்டர்க் காலின் அலுமினியத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். அது கரைவதால்தான் மோட்டர் கரையாமல் இருக்கிறது.

பனல் மேல் படியும் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். அதைக் கரையில் அப்படிச் செலவழிக்க மனம் வராது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் கண்ணாடி முழுவதும் பனி கோத்து நிற்கும். அந்த ஈரத்திலேயே பழைய சாரத்துண்டால் ஒரு துடைப்புத் துடைத்தால் உப்பும் நீர்க்காக எச்சமும் சேர்ந்து வந்துவிடும்.

நல்ல வெயிலில் இரண்டு பனல்களும் மூன்று அலகுக்குக் குறையாமல் தருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு அலகு கிடைப்பதே பெரிது. அந்த நாட்களில் பற்றரியை வீட்டு மின்சாரத்தில் ஏற்றுகிறோம்.

நான் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. ஒரே சீராக ஓடும்போது பத்து அம்பியர் காட்டும் மானி, கைபிடியைத் தொடாமலே பதினாறுக்கு ஏறினால், மோட்டர் விசிறியில் சாதாளை (கடற்புல்) சுற்றிவிட்டது என்று பொருள். மண்ணெண்ணெய் இயந்திரத்தின் இரைச்சலில் இதைக் கண்டுபிடிக்கும்போது இயந்திரம் சூடேறியிருக்கும். அந்த இரைச்சலோடு நாற்பது வருடம் இருந்த ஐயாவுக்கு இப்போது ஒரு காது கேட்பதில்லை. தம்பிக்கு அப்படி நேராது என்பதே எனக்கு மிச்சப்பட்ட எண்ணெய்க் காசைவிடப் பெரிய ஆறுதல்.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் 75 பேரை ஏற்றி ஓடும் ‘ஆதித்யா’ சூரியப் படகைக் காட்டி, இங்கே குறிகட்டுவான் – நயினாதீவுப் படகு வழிக்கும் அதுபோல் விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். விடலாம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் வேம்பநாட்டுக் காயல் ஒதுக்கமான நீர். இங்கோ வைகாசி தொடங்கி சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பனலைப் பாய் போலப் பிடித்துத் தள்ளும். எங்கள் சிறு வள்ளத்திலேயே சட்டத்தை இருமுறை தாழ்த்திவிட்டோம்; வரும் சோளகத்துக்கு முன் இன்னும் ஒரு சாண் இறக்கி, பற்றரிப் பெட்டியையும் நடுவுக்கு நகர்த்த இருக்கிறோம்.