ஆப்பிள் மியூசிக் ஹை-ரெஸ்: வீட்டுக் கூடத்தில் கேட்டுப் பார்த்தது

2021 ஜூன் மாதம் முதல் ஆப்பிள் மியூசிக், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற சிடி தரத்தில் தொடங்கி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரையிலான லாஸ்லெஸ் (தகவல் எதையும் இழக்காமல் சுருக்கப்பட்ட) ஒலியைக் கூடுதல் கட்டணமின்றி வழங்கி வருகிறது. இங்கே கிலோஹெர்ட்ஸ் என்பது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிகிறார்கள் என்பதையும், பிட் என்பது ஒவ்வோர் அளவின் நுணுக்கத்தையும் குறிக்கும். கச்சேரிப் பதிவுகளை விரும்பிக் கேட்பவன் என்ற முறையில் இதை வரவேற்கிறேன். ஆனால், சந்தா கட்டியதாலேயே அந்த ஒலி காதுக்கு வந்துவிடாது. ஐபோனின் செட்டிங்ஸில், ஆடியோ குவாலிட்டி என்ற பகுதியில் லாஸ்லெஸை நாமே இயக்கி, வைஃபைக்கு ஹை-ரெஸ் லாஸ்லெஸை (48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட தரத்தை) தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டால், பாட்டு வழியிலேயே மறுபடி சுருக்கப்பட்டுவிடும். 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிக்கு, போனுடன் கம்பி வழியாகத் தனி டேக் (DAC, டிஜிட்டல் ஒலியை அனலாக் மின்னலையாக மாற்றும் கருவி) ஒன்றை இணைத்தாக வேண்டும். ஆப்பிளின் சிறிய ஹெட்போன் அடாப்டர் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸுடன் நின்றுவிடுகிறது.

சிறிய டேக் ஒன்றை வாங்கி, மேசை ஒலிபெருக்கிகளுடன் இணைத்துக் கேட்டேன். ப்ளூடூத்திலிருந்து கம்பிக்கு மாறியபோது கிடைத்த தெளிவு பெரிது: மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியிலிருந்து எழும் கும்கி என்ற நாதம் முழுமையாக வளைந்து அடங்குவதும், பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் தம்புரா தொடர்ந்து ஒலிப்பதும் தனித்தனியாகக் கேட்டன. சிடி தரத்துக்கும் 192 கிலோஹெர்ட்ஸுக்கும் இடையே, ஒலி அளவைச் சமமாக வைத்துப் பலமுறை மாற்றிக் கேட்டும் வேறுபாட்டை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மனிதச் செவி ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், வயது ஏற ஏற அதுவும் குறையும், 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவோ அதில் ஏறத்தாழ பாதியான 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைத் தாங்குகிறது என்பதால், இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

அறையைச் சீர்செய்ததுதான் அதிகப் பலன் தந்தது. டைல்ஸ் தரையும் வெறும் சுவர்களும் கொண்ட எங்கள் கூடத்தில் ஒலி எதிரொலித்துக் கலங்கியது. தரையில் ஜமக்காளம் விரித்து, கனமான திரைச்சீலை தொங்கவிட்டு, ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னே நகர்த்தி, காதின் உயரத்துக்குத் தூக்கி வைத்ததும் பாடகரின் குரல் நடுவில் வந்து நின்றது. மின்விசிறியின் இரைச்சல் மட்டும் எஞ்சியது. ஆலாபனையின் மெல்லிய இடங்களை முதலில் விழுங்குவது அதுதான் என்பதால், இரவில் அரை மணி நேரமாவது அதை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

மொபைல் டேட்டாவில் ஹை-ரெஸ் தேவையில்லை. ஆப்பிளின் கணக்குப்படி, வழக்கமான தரத்தில் 6 எம்பி ஆகும் மூன்று நிமிடப் பாட்டுக்கு 192 கிலோஹெர்ட்ஸில் 145 எம்பி செலவாகும். டேக் இல்லாதவர்கள் வீட்டிலும் வெறும் லாஸ்லெஸ் அமைப்போடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய கச்சேரிகளைப் பொறுத்தவரை, எந்த நாடாவிலிருந்து, எந்த ஆண்டு மாற்றப்பட்ட பதிவு இது என்ற குறிப்பை இசைச் சேவைகள் தொகுப்பின் பக்கத்திலேயே தர வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரே கச்சேரியின் இரண்டு பதிப்புகள் கிடைக்கும்போது, எதைக் கேட்பது என்று முடிவு செய்ய எனக்கு அந்தக் குறிப்பே தேவைப்படுகிறது.