ட-வைத் தட்டினால் ஒரு ட: டி.வி.எஸ். கோல்டு கீபோர்டுடன் எட்டு வருடம்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, அப்புறம் பதிப்பகங்களுக்குப் புத்தகத் தட்டச்சு என்று வேலை ஓடுகிறது. ஒரு நாளைக்கு 30 பக்கம் வரை கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அடிப்பேன். அதனால் கம்ப்யூட்டரில் வேறு எது சுமாராக இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை, கீபோர்டு சுமாராக இருக்கக் கூடாது. இது புரிய எனக்கு ஒரு பெரிய தப்பு நடக்க வேண்டியிருந்தது.

2016 ஐப்பசி மாதம். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கும் படத்திறப்புக்கும் சேர்த்து 300 அட்டை வேண்டும் என்று அவர் மகன் வந்தார். அடித்து, ப்ரூப் கொடுத்து, அவரும் பார்த்து, அச்சாகி, வாங்கிக்கொண்டும் போய்விட்டார். மறுநாள் காலையில் கடை திறந்த கையோடு வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. மேஜையில் ஓர் அட்டையை வைத்து, தலைப்பு வரியில் விரலை வைத்தார். 'பட்டத்திறப்பு' என்று இருந்தது. படத்திறப்பு இல்லை, பட்டத்திறப்பு.

"சாயங்காலத்துக்குள்ள வேற அடிச்சுத் தாரேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன். என் செலவில் 300 அட்டையும் திரும்ப அச்சடித்துக் கொடுத்தேன். பணம் போனதுகூட இல்லை, அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர் அந்த வரியில் விரலை வைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

எனக்கு எழுத்துப் பிழை அதிகம் வராது. தட்டச்சுப் பள்ளியில் மெஷினில் அடித்துத் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள். பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தபோது தமிழ்99 பழகிக்கொண்டேன். அந்த வேகம் வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரமாக்கிய லேஅவுட் அது. இடது கையில் உயிர், வலது கையில் பெரும்பாலான மெய். இதில் பெரிய சௌகரியம், புள்ளி தானாக விழும். 'த'வை இரண்டு முறை தட்டினால் 'த்த' வரும். 'ண' தட்டி 'ட' தட்டினால் 'ண்ட' வரும். இந்த மாதிரி இடங்களில் புள்ளிக்கென்று தனியாக ஒரு கீயைத் தேடி விரல் போக வேண்டியதே இல்லை.

அந்தச் சௌகரியம்தான் என் காலை வாரியிருக்கிறது. நான் ட-வை ஒருமுறைதான் தட்டியிருக்கிறேன். கீபோர்டு அதை இரண்டு முறையாக எடுத்துக்கொண்டது. இரண்டு ட சேர்ந்து ட்ட ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அடிக்கிறவர்களுக்கு இப்படி நடந்தால் ஓர் எழுத்து கூடுதலாக விழும், பெரும்பாலும் வார்த்தையே கோணலாகிப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தமிழ்99-இல் அப்படி இல்லை. கடை, கட்டை ஆகும். பாடு, பாட்டு ஆகும். ஓடு, ஓட்டு ஆகும். எல்லாமே நல்ல தமிழ் வார்த்தை. கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஸ்பெல் செக்கும் ஒன்றும் சொல்லாது.

அன்று மத்தியானமே சோதித்துப் பார்த்தேன். நோட்பேடைத் திறந்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, ட இருக்கிற அந்த ஆங்கில 'ஓ' கீயை எண்ணி 100 முறை தட்டினேன். கீழே ஓரத்தில் கர்சர் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று காட்டும். 101 வர வேண்டும். 108 வந்தது. ஏழு எழுத்து தானாக விழுந்திருக்கிறது. எத்தனை மாதமாக இப்படி ஓடியதோ, எத்தனை புத்தகத்தில் இது போயிருக்கிறதோ என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

அது 350 ரூபாய்க்கு வாங்கிய சாதாரணக் கீபோர்டு. கம்பெனி பெயர் வேண்டாம், அந்த விலையில் எல்லாமே உள்ளே ஒரே மாதிரிதான். கழற்றிப் பார்த்தால் மூன்று பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். மேல் ஷீட்டிலும் கீழ் ஷீட்டிலும் மின்சாரம் ஓடும் கோடுகள், நடு ஷீட்டில் ஓட்டைகள். கீயை அழுத்தினால் ரப்பர் குமிழ் அமுங்கி, ஓட்டை வழியாக மேலும் கீழும் தொட்டுக்கொள்ளும். எந்தச் சுவிட்சுமே தொடும்போது சில மில்லி நொடி துள்ளத்தான் செய்யும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விடும்படி கீபோர்டுக்குள் இருக்கும் சிப்பில் ஏற்பாடு உண்டு. தேய்ந்து, அழுக்கேறிப் போனால் துள்ளல் அதைத் தாண்டி நீளும். அப்போது ஒன்று இரண்டாகும்.

விண்டோஸில் இதற்கென்றே 'பவுன்ஸ் கீஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது, ஒரே கீ அடுத்தடுத்து விழுந்தால் இரண்டாவதை விட்டுவிடும் என்று தம்பி ஒருவர் சொல்லிக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். குறைந்தபட்ச இடைவெளியே அரை நொடி. 'பத்து' என்று அடித்தால் 'பது' வந்தது. 'அம்மா'வில் ம் காணாமல் போனது. இரட்டிப்பே மூச்சாக இருக்கிற மொழிக்கு அது ஆகாது. பத்தே நிமிடத்தில் எடுத்துவிட்டேன்.

2017 ஜனவரியில் புத்தகக் காட்சிக்குச் சென்னை போனபோது ஒரு பகல் முழுவதையும் ரிச்சி தெருவுக்கு ஒதுக்கினேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாக எலக்ட்ரானிக்ஸ் கடைகள். முதல் கடையில் இருந்த பையன் நன்றாகத்தான் பேசினான். "அக்கா, கேமிங்கா, ஆபீஸ் யூஸா?" என்று கேட்டான். தமிழ் அடிக்க என்றேன். குட்டியாக, அழகாக ஒரு வயர்லெஸ் கீபோர்டை எடுத்து வைத்தான். வலது சுண்டுவிரலை வைத்துப் பார்த்தவுடனேயே வேண்டாம் என்று தெரிந்துவிட்டது.

கீபோர்டு மதிப்புரை எழுதுகிறவர்கள் யாரும் சொல்லாத விஷயம் இது. ஆங்கிலம் அடிக்கிறவருக்கு வலது சுண்டுவிரலுக்கு வேலை கொஞ்சம்தான். தமிழ்99 அடிக்கிறவருக்கு அந்த ஒரு விரலில்தான் ந, ய, ச, ஞ, ண, ழ அத்தனையும். அரைப்புள்ளி கீயில் ந, அதற்குப் பக்கத்தில் மேற்கோள் குறியில் ய, மேலே சதுர அடைப்புக் குறிகளில் ச-வும் ஞ-வும், கீழே சாய்கோட்டில் ழ. 'ந' இல்லாமல், 'ச' இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று சில குட்டிக் கீபோர்டுகளிலும் சில லேப்டாப்புகளிலும் அந்த ஓரத்துக் கீகளைத்தான் ஒல்லியாக்கி வைக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் லேப்டாப் வாங்கும்போது கொஞ்சம் அந்த ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

நாலாவது கடையில்தான் டி.வி.எஸ். கோல்டு பார்த்தேன். புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். வங்கியிலும் அரசு அலுவலகங்களிலும் டக்டக்கென்று சத்தம் போடும் அந்தக் கனத்த கீபோர்டை எல்லோருமே பார்த்திருப்பீர்கள். சென்னைக் கம்பெனிதான். எனக்குக் கிடைத்தது கோல்டு பாரத், 4-ஆம் எண் கீயில் ரூபாய்க் குறி போட்டது. 2010-இல் மத்திய அரசு அந்தக் குறியை ஏற்றபோது, அதை வரைந்த உதயகுமார் நம் தமிழ்நாட்டுக்காரர் என்று கடையில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவள் நான். அதனாலேயே அந்தக் கீயை ஒருமுறை தடவிப் பார்த்தேன். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். பணமதிப்பிழப்பு அறிவித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு புது 2,000 ரூபாய்த் தாளும் மேலே சில நூறு ரூபாய்த் தாள்களும் எண்ணிக் கொடுத்தேன். 350 ரூபாய்க் கீபோர்டு ஆறு வாங்கலாமே என்று ஒரு நிமிடம் மனம் தயங்கியது உண்மை.

இது மெக்கானிக்கல் கீபோர்டு, இதில் ரப்பர் கிடையாது. ஒவ்வொரு கீக்கும் கீழே தனித்தனிச் சுவிட்சு, ஸ்பிரிங், உலோகத் தொடுமுனை. என்னுடையதில் இருப்பது செர்ரி என்ற கம்பெனியின் எம்எக்ஸ் நீலச் சுவிட்சு. கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஏறக்குறையப் பாதி வழியில் எழுத்து பதிந்துவிடும். பதியும் இடத்தை ஒட்டியே 'டிக்' என்று ஒரு சத்தமும் விரலுக்கு ஒரு சின்னத் தடங்கலும் வரும். கடைசிவரை இடித்து அழுத்த வேண்டிய அவசியமில்லை. தட்டச்சு மெஷினில் குத்திக் குத்தி அடித்துப் பழகிய என் கை, இதற்கு மாற ஒரு மாதம் எடுத்தது. மாறிய பிறகு சாயங்காலம் மணிக்கட்டில் இருந்த வலி குறைந்துவிட்டது.

வலியைவிடப் பெரிய லாபம் எனக்குக் காதில்தான். 'த' அடித்தால் ஒரு டிக். 'த்த' அடித்தால் அடுத்தடுத்து இரண்டு டிக். 'பத்து' என்றால் டிக், டிக்டிக், டிக். புள்ளி காதில் கேட்கிறது! கண் முழுக்கக் கையெழுத்துப் பிரதியில் இருக்கும்போது, ஒற்று விட்டுப்போனால் காது சொல்லிவிடுகிறது. எட்டு வருடத்தில் ஒற்றுப் பிழை அறவே வரவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் வந்ததெல்லாம் நான் விட்டது, கீபோர்டு போட்டது இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த 100 தட்டு சோதனையை இன்றும் செய்கிறேன். 101-தான் வருகிறது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். நீலச் சுவிட்சின் இயல்பே சத்தம்தான். வீட்டுக்கு வேலை எடுத்துப்போய் ராத்திரி 11 மணிக்கு அடித்தால் பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்குத் தூக்கம் கெடும். என் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்த வருடம், கீபோர்டுக்கு அடியில் தடித்த துண்டு ஒன்றை நாலாக மடித்துப் போட்டுத்தான் அடித்தேன். கொஞ்சம் சத்தம் மேஜை அதிர்வதால் வருவது, அது அடங்கிவிடும். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் பழுப்புச் சுவிட்சு போட்ட வேறு கீபோர்டு பாருங்கள். தடங்கல் இருக்கும், டிக் இருக்காது.

2020 ஊரடங்கில் ஒரு நாள் டீ டம்ளர் கவிழ்ந்துவிட்டது. வலது பக்கம் முழுவதும் சர்க்கரை டீ. உடனே பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்து, மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, இரண்டு நாள் காய விட்டேன். எல்லாம் பிழைத்தது, 'ந' மட்டும் பிசுபிசுவென்று மேலே வராமல் நின்றது. கடைகள் திறந்த பிறகு செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஒருவர், செத்துப்போன இன்னொரு கீபோர்டிலிருந்து ஒரு சுவிட்சை எடுத்து, இரண்டு காலைச் சால்டர் செய்து மாற்றிக் கொடுத்தார். 150 ரூபாய். ஷீட் போட்ட கீபோர்டில் ஒரு கீ போனால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எட்டு வருடத்தில் எந்தக் கீ தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அதுவே ஒரு தமிழ்ப் பாடம். ஆங்கிலத்தில் அதிகம் விழும் 'E' எழுத்துக் கீ இன்னும் புதுசு மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது. தமிழ்99-இல் அது ஊ. அதற்குக் கீழ் வரிசையில் இ-யும் உ-வும் வழுவழுவென்று கண்ணாடியாகிவிட்டன. க, த, ம, ப நாலும் அப்படித்தான். ஔ கீயை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மவுஸுக்கு நான் அதிகம் செலவு செய்வதில்லை. வயர் வைத்ததுதான் வாங்குகிறேன், பக்கம் வடிவமைத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்து நிற்கும் தொல்லை இல்லை. ஒரு கிளிக் இரண்டு கிளிக்காக விழ ஆரம்பித்தால் அதுவும் இதே துள்ளல் வியாதிதான், மாற்றிவிடுங்கள். யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். எங்கள் தெருவில் மழைக்காலத்தில் ஒரு நொடி போய் வரும் கரண்ட் போதும், சேமிக்காத நாலு பக்கம் போய்விடும். பேட்டரியை நான் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை, அது சாகும்வரை காத்திருக்காமல் மாற்றுகிறேன்.

இப்போது கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கும் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்க வேண்டும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, பெட்டியில் எந்தச் சுவிட்சு என்று எழுதியிருக்கிறதா பார்ப்பேன், ஒரே பெயரில் வரும் மாடல்களுக்குள் சுவிட்சு மாறலாம். வலது ஓரத்து ச, ஞ, ழ முழு அகலத்தில் இருக்க வேண்டும். அப்புறம் கவுண்டரில் இருக்கும் கம்ப்யூட்டரில் சொருகி, நோட்பேடைத் திறக்கச் சொல்லி, ட-வை 100 முறை தட்டுவேன். பின்னால் நிற்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.