கபோசி சர்கோமா: கதிர்வீச்சா, கீமோவா?

கிருஷ்ணகிரியில் என் பெரியப்பாவுக்கு உள்ளங்காலில் கருஞ்சிவப்புத் தடிப்பு வந்தது. கால் ஆணி என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவினார். திசுப் பரிசோதனை கபோசி சர்கோமா என்றது, ரத்த நாளங்களின் உட்சுவரில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். கதிர்வீச்சா, கீமோவா என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த நோய் வந்தால், அந்த வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைதான் முதல் படி. சிலருக்கு அதிலேயே தடிப்பு சுருங்கிவிடும்.

வீச்சு
கதிர்வீச்சு: பட்ட இடத்தில் மட்டும்.
கீமோ: உடல் முழுதும்.

இந்த நோய் தோலில் தெரியாமலே நிணநீர்க் கணுவிலோ குடலிலோ நுரையீரலிலோ தொடங்குவதுண்டு. கறுத்த மலம், இருமலில் ரத்தம் என்றால் காலில் உள்ள தடிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அலைச்சல்
கதிர்வீச்சு: பெரும்பாலும் பல நாள் தொடர்ந்து. பெங்களூரு என்றால் ஒரு வழிக்கே சுமார் 90 கிலோமீட்டர். புண்பட்ட காலோடு தினமும் பஸ் ஏறுவது கொடுமை. அங்கேயே தங்கிவிடுவது மேல்.
கீமோ: இதற்குத் தரும் லைபோசோமல் டாக்ஸோரூபிசின் என்ற மருந்து வழக்கமாக 3 வாரத்துக்கு ஒரு முறை.

பக்க விளைவு
கதிர்வீச்சு: தோல் கறுக்கும், வாயில் கொடுத்தால் புண் கடுமையாகும்.
கீமோ: உள்ளங்கை, உள்ளங்கால் எரியலாம்; இதயத்துக்கு எக்கோ (ஒலி அலை ஸ்கேன்) தேவை. சிறுநீர் சிவந்து போகலாம், அது மருந்தின் நிறம், பயப்படாதீர்கள்.

வலிக்கும் ஓரிரு தடிப்புகளுக்குக் கதிர்வீச்சு போதும். உள்ளுறுப்பில் இருந்தாலோ, வேகமாகப் பரவினாலோ, கால் வீங்கினாலோ கீமோதான் பொருத்தம். பெரியப்பாவுக்கு ஒரே தடிப்பு, கதிர்வீச்சுக்குச் சம்மதித்துவிட்டார்.