அடைப்புக்குறிக்குள் நிற்கும் எண்: ஒரு கல்குலேற்றரின் மதிப்பீடு

சென்ற தவணையில் கிளிநொச்சியில் வாங்கிய விஞ்ஞானக் கல்குலேற்றரை, அதன் முதன்மைக் காரணிப்படுத்தும் வசதியை, அதாவது ஓர் எண்ணை முதன்மை எண்களின் (1 ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்களின்) பெருக்கமாகப் பிரித்துக் காட்டும் வசதியை, மட்டும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். என்னிடம் படிக்க வரும் உயர்தர மாணவர்கள் அதிகம் ஏமாந்து போவதும் அந்த இடத்தில்தான்.

சிறிய எண்களில் குறை சொல்ல எதுவுமில்லை. 2047 ஐக் கொடுத்தால் 23×89 என்றும், 8388607 ஐக் கொடுத்தால் 47×178481 என்றும் கண் இமைக்குமுன் விரிகிறது. ஆனால் 2 இன் 29 ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 536870911 ஐக் கொடுத்தபோது, திரையில் வந்தது 233×(2304167). மூன்று இலக்கங்களுக்கு மேற்பட்ட முதன்மை எண்களால் இக்கருவி வகுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே நான்கு இலக்க முதன்மை எண்களில் மிகச் சிறியதான 1009 இன் வர்க்கம் 1018081 ஐ எட்டாத, வகுத்தபின் எஞ்சும் மிச்சம் முதன்மை எண்ணென்று அதற்கு நிச்சயமாகத் தெரியும், எட்டிய மிச்சத்தையோ அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உண்மையில் 2304167 என்பது 1103 இனதும் 2089 இனதும் பெருக்கம்.

அடுத்து 2 இன் 31 ஆம் வலுவிலிருந்து ஒன்று குறைந்த 2147483647 ஐக் கொடுத்தேன். அதுவும் முழுதாக அடைப்புக்குறிக்குள் நின்றது. ஆனால் இது முதன்மை எண், 1772 இலேயே கணிதமேதை ஒயிலர் நிறுவியது. பிரியும் எண்ணுக்கும் பிரியாத எண்ணுக்கும் ஒரே குறியைக் காட்டுவதே என் பெரிய முறைப்பாடு. கைநூல் இதைப் பொடி எழுத்தில் சொல்கிறது. மாணவர் எவர் கைநூலைத் திறக்கிறார்?

எனினும் இதே கருவியால் ஒயிலரின் வழியில் நடந்து பார்க்கலாம். 31 முதன்மை எண்ணாகையால், 2147483647 ஐ வகுக்கக்கூடிய எந்த முதன்மை எண்ணும் 62 ஆல் வகுபடும்போது 1 ஐ மீதியாகத் தரவேண்டும். 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக இருக்கவேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248 ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதிவரும் முதன்மை எண்களை மட்டும், வர்க்கமூலமான 46340 வரை சோதித்தால் போதும். அவை நூறுக்கும் குறைவு. முதலாவது 311: திரையில் 6905092.113, மீதி 35. அடுத்தவை 1303, 1489. கொட்டிலின் நிழலில் மின்சாரம் இல்லாத பிற்பகலிலும் சூரியக்கலத்தால் திரை மங்காமல் நின்றது, இந்த வேலைக்குப் பேருதவி.

2024 இல் கண்டறியப்பட்ட, 41024320 இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணை இதில் தேடவேண்டாம். 2 இன் 332 ஆம் வலு வரை விடை தரும் கருவி, 333 க்குக் கணிதப் பிழை என்கிறது; அந்த எண்ணோ 2 இன் 136279841 ஆம் வலுவிலிருந்து ஒன்று குறைந்தது.

பாடசாலைக் கணக்குக்கு வாங்கலாம். அடைப்புக்குறியை விடையென்று எழுதிவரும் பிள்ளைக்கு மட்டும் நான் இன்னும் புள்ளி போடுவதில்லை.