ஃபாலுக்கு வெஸ்ட் பாயிண்ட்டா, அனாபொலிஸா?

நியூ ஜெர்சில எடிசன் பக்கம் அக்டோபர் வந்தாலே, ஃபால்ல இலை கலர் மாறறத பாக்க ஒரு நாள் ட்ரிப் எங்க போலாம்னு இதே பேச்சுதான், பசங்களுக்கும் புடிக்கணும், ஊர்லேர்ந்து வந்திருக்கற அப்பா அம்மாவுக்கும் ஒத்துக்கணும், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும். மிலிட்டரி அகாடமி பாக்கணும்னு பெரியவன் ஒத்தக்கால்ல நின்னதால எங்களுக்கு ரெண்டுதான் சாய்ஸ், நியூயார்க் ஸ்டேட்ல ஹட்சன் ஆத்தங்கரைல வெஸ்ட் பாயிண்ட் ஆர்மி அகாடமி, இல்லன்னா மேரிலாண்ட்ல அனாபொலிஸ் நேவல் அகாடமி. போன ஃபாலுக்கு வெஸ்ட் பாயிண்ட்ட எடுத்தோம். அனாபொலிஸ் அதுக்கு முன்னாடி ஒரு ஏப்ரல்ல போனது, அதனால அங்க இலை கலர் பத்தி நான் சொன்னா பாதி நம்புங்க போதும்.

தூரம் தெரிஞ்ச கதைதான், வெஸ்ட் பாயிண்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் எங்க, அனாபொலிஸுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல எங்க, டோல் வேற. ரெண்டு எடத்துலயும் ஐடி கேப்பாங்க, விசிட்டர் விசால வந்தவங்களுக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட்ட கைல எடுத்துக்கோங்க.

எங்களுக்கு முடிவு பண்ணது அம்மாவோட முட்டி. அனாபொலிஸ் டூர் முழுக்க நடைதான். பசங்க தங்கற பான்கிராஃப்ட் ஹால், சேப்பல்னு நடந்து, நின்னு கதை கேட்டு, மறுபடி நடக்கணும், நமக்கே நாலு மணிக்கு மேல கால் கடுக்கும், எழுபது வயசுக்காரங்கள இழுத்துட்டுப் போறது பாவம். வெஸ்ட் பாயிண்ட்ல பஸ். ஹைலேண்ட் ஃபால்ஸ் ஊர்ல விசிட்டர் சென்டர்லயே ஏத்திக்கறாங்க, கேடட் சேப்பல், ஆத்தப் பாத்த மாதிரி இருக்கற ட்ரோஃபி பாயிண்ட்னு முக்கியமான எடத்துல எறக்கி விட்டு திரும்ப ஏத்திக்கறாங்க, நடுவுல நல்லா உக்காந்துக்கலாம். என்ன, இன்னும் பத்து நிமிஷம் நிக்கலாம்னு தோணும்போதே கைடு கூப்பிட்டுருவாரு, அனாபொலிஸ்ல அந்த அவசரம் இல்ல.

ட்ரோஃபி பாயிண்ட்டுக்காகவே அக்டோபர் மூணாவது, நாலாவது வாரம் போகணும். ஆறு வடக்குலேர்ந்து ரெண்டு மலைக்கு நடுவுல வளைஞ்சு வர்றது தெரியும், ரெண்டு பக்கமும் செவப்பும் மஞ்சளும். கீழ பழைய இரும்புச் சங்கிலியோட கண்ணிங்க வச்சிருக்காங்க, 1778ல சுதந்திரப் போர் நடந்தப்போ பிரிட்டிஷ் கப்பல் இதத் தாண்டி வடக்க போகக்கூடாதுன்னு ஆத்துக்குக் குறுக்க மரக்கட்டைல மிதக்கவிட்டுக் கட்டினது. ஒவ்வொரு கண்ணியும் ரெண்டடிக்கு மேல, எடை 50 கிலோ கிட்ட. இந்த எடத்துல ஆறு சட்டுனு திரும்பறதால பாய்மரக் கப்பல் வேகம் கொறைக்காம வரமுடியாது, அதான் இங்க கட்டினாங்க. குளிர்காலத்துல ஐஸ் ஒடச்சிரும்னு வருஷா வருஷம் கழட்டி எடுத்து, வசந்தத்துல திரும்ப மாட்டுவாங்களாம். அப்பா ரிட்டயர்டு பிடபிள்யூடி, கண்ணிய சுத்தி சுத்தி வந்து வெல்டிங் மெஷின் இல்லாம எப்படிடா சேத்தாங்கன்னு என்னையே கேள்வி கேட்டாரு. அகாடமி ஆரம்பிச்சது அதுக்கப்புறம் 1802ல.

அனாபொலிஸ மட்டம் தட்டல. சேப்பலுக்குக் கீழ ஜான் பால் ஜோன்ஸ் கல்லறை இருக்கு, சுதந்திரப் போர்ல அமெரிக்கக் கடற்படை ஹீரோ, பாரிஸ்ல 1792ல செத்தவரு, ஒடம்ப 1905ல தேடி எடுத்து கொண்டு வந்திருக்காங்க. மியூசியத்துல கப்பல் மாடல் பாத்தா பசங்க நகர மாட்டாங்க. கேட்டுக்கு வெளிய வந்தா ஊரே அழகு, தண்ணியோரமா உக்காந்து சாப்பிடலாம், ஹைலேண்ட் ஃபால்ஸ்ல அந்தக் களை கெடையாது. பெரியவங்க இல்லாம, ஒரு ராத்திரி தங்கற மாதிரி போறீங்கன்னா யோசிக்காம அங்க போங்க.

வெஸ்ட் பாயிண்ட்டுன்னா புளிசாதம் கட்டிக்கோங்க, டூர் முடிச்சு பத்து மைலுக்குள்ள பேர் மவுண்டன் பார்க்ல ஏரியோரமா சாப்பிட்டுக்கலாம். திரும்பற வழில உட்பரி காமன்னு பெரிய அவுட்லெட் ஷாப்பிங் சென்டர் இருக்குன்னு வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, சாயந்திரம் அங்கயே போயிரும். தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி அகாடமியோட ஆர்மி ஃபுட்பால் டீம் ஷெட்யூல் பாருங்க, அங்கயே இருக்கற மைக்கி ஸ்டேடியத்துல ஹோம் கேம் இருக்கற சனிக்கிழமை ரோடெல்லாம் அடைச்சுக்கும். கேம் இல்லாத சனி, இல்லன்னா ஞாயித்துக்கிழமை பாத்துக்கோங்க.