வணக்கம் அண்ணா என்றான், 11,400 ரேண்ட் போச்சு

நேற்று ராத்திரிதான் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தேன். நக இடுக்கில் கறுப்புப் பெயிண்ட், சோப்பு போட்டும் போகவில்லை. அந்தப் பெயிண்டுக்கு நான் கொடுத்த விலை 11,400 ரேண்ட். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், ஆறிவிட்டால் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன், அவனும் அடுத்த ஆளைப் பிடிப்பான். ஹைவேயில் பழைய வண்டி உதறினால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முதலிலிருந்து கடைசிவரை விளக்கமாகச் சொல்கிறேன், படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி 1999 மாடல் இசுசு டீசல், பின்னால் தொட்டி வைத்த சின்ன லாரி. தென்னாப்பிரிக்காவில் இதற்கு எல்லோரும் சொல்லும் பெயர் பக்கி. (தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி இந்தப் பெயரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது அவளும் வண்டியை அப்படித்தான் சொல்கிறாள், என்னைத் திட்டும்போதும் அதே சொல்தான்.) டொங்காட்டிலிருந்து கொத்தமல்லி, வெந்தயக்கீரை, அவரை ஏற்றிக்கொண்டு டர்பன் கிளேர்வுட் மொத்த மார்க்கெட்டுக்கு வாரம் நாலு நாள், சனிக்கிழமை என்3 ஹைவேயில் பீட்டர்மரிட்ஸ்பர்க். வண்டி நின்றால் கீரை வாடும், கீரை வாடினால் காசு இல்லை, அவ்வளவுதான் எங்கள் பிழைப்பு.

பிப்ரவரி கடைசியில் உதறல் ஆரம்பித்தது. 80 வரை ஒன்றுமே இல்லை. 90 தாண்டியதும் சீட்டுக்கு அடியில் யாரோ உட்கார்ந்து தட்டுகிற மாதிரி தடதடவென்று வரும், உள் கண்ணாடியில் பின்னால் வரும் கரும்பு லாரி இரண்டாகத் தெரியும். 110-ஐத் தொட்டால் கொஞ்சம் அடங்கும். ஸ்டீயரிங் மட்டும் சாதுவாக இருக்கும். இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். நான்தான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

விற்பனை வாங்கல் விளம்பரம் போடுகிற ஒரு இணையப் பக்கத்தில்தான் அந்த ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தேன். எந்தப் பக்கம், எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. 'உதறல் நிபுணர், ப்ரொப்ஷாஃப்ட், டிஃப், கியர்பாக்ஸ்' என்று போட்டிருந்தது. (ப்ரொப்ஷாஃப்ட் என்பது கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகிற நீளத் தண்டு, டிஃப் என்பது அந்தச் சுற்றை வாங்கிப் பின் சக்கரங்களுக்குக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி.) போன் செய்தேன். என் பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம், அப்புறம் "வணக்கம் அண்ணா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்றான். சுத்தமான தமிழ்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. 1860-ல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து கரும்புக் காட்டில் இறங்கியவர்களின் வழி வந்தவர்கள் நாங்கள். காவடி எடுப்போம், தீ மிதிப்போம், ஆனால் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேச வேண்டுமென்றால் எங்களில் முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். முன்பின் தெரியாத மெக்கானிக் ஒருவன் "சௌக்கியமா" என்று கேட்டால் மனசு இளகாமல் என்ன செய்யும்? எனக்கு இளகிவிட்டது. ஆயா சொல்லிக்கொடுத்த தமிழ் என்றான். நேரில் போனால் முருகன் படம், அதற்கு அன்றைக்குத்தான் போட்ட மல்லிகைச் சரம், பக்கத்தில் விபூதித் தட்டு. நானே எடுத்துப் பூசிக்கொண்டேன். பூசிக்கொண்ட கையாலேயே சாவியையும் கொடுத்தேன்.

அவன் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலு சக்கரத்தையும் பேலன்ஸ் மெஷினில் ஏற்றிச் சுற்றினான், எடை சமமாக ஈயத் துண்டு ஒட்டினான், திரையில் சைபர் சைபர் என்று காட்டினான். "பாருங்கண்ணா, சக்கரம் சுத்தம். அப்போ ப்ரொப்ஷாஃப்ட்தான்." எனக்கும் சரி என்றுதான் பட்டது. மெஷின் பொய் சொல்லுமா?

கணக்கு இப்படி: ரீகண்டிஷன், அதாவது பழசைப் புதுப்பித்த ப்ரொப்ஷாஃப்ட் 6,800, அதை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங் 1,450, ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கிற யூனிவர்சல் மூட்டு இரண்டு 1,300, பேலன்ஸும் கூலியும் 1,850. மொத்தம் 11,400. ரீகண்டிஷன் ஷாஃப்ட் என்றால் யூனிவர்சலும் பேரிங்கும் அதோடு சேர்ந்தே புதிதாக வர வேண்டாமா, தனியாக எதற்கு இன்னொரு 2,750 என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. 6,000 வங்கி வழியாக முன்பணம், மீதி 5,400 கையில். ரசீது கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு, வாட் வரி நம்பர்கூட இல்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் இருட்டின பிறகுதான் வண்டியைக் கொடுத்தான். கடையைச் சுற்றி 60-ல் ஒரு சுற்று. ஹைவேயில் ஓட்டிப் பார்ப்போமே என்றேன். "டிராஃபிக் அண்ணா, லீவு கூட்டம்" என்றான். பழைய சாமான் எங்கே என்றால் குப்பை வண்டி எடுத்துப் போய்விட்டதாம்.

சனிக்கிழமை விடியற்காலை என்2-ல் கிங் ஷாகா விமான நிலையத் திருப்பத்தைத் தாண்டி 95 தொட்டேன். அதே தடதட. அதோடு புதிதாக இன்னொன்று, தரையில் காலை வைத்தால் கூசுகிற மாதிரி ஒரு ரீங்காரம், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடியது, விட்டால் குறைந்தது. ஒரு நோயோடு போனேன், இரண்டு நோயோடு வந்தேன்.

அன்றிலிருந்து பதினோரு நாள் அவன் சொன்ன பதில்கள் எல்லாம் என் போனில் இருக்கின்றன. முதலில், ஈசிப்பிங்கோ கோயிலில் இருக்கிறேன் அண்ணா, சாமி கும்பிட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான். அப்புறம் ஈஸ்டர் லீவு. அப்புறம் புது ஷாஃப்ட் செட்டாக 500 கிலோமீட்டர் ஓட வேண்டும். (எந்த ஷாஃப்ட்டும் ஓடி ஓடிச் செட்டாகாது, நம்பாதீர்கள்.) அப்புறம் ரோடு சரியில்லை, நீங்கள் ஓவர்லோடு ஏற்றுகிறீர்கள். அப்புறம் 'ஜஸ்ட் நவ்' பார்க்கிறேன். இந்த நாட்டில் 'ஜஸ்ட் நவ்' என்றால் இன்றைக்கு இல்லை என்று அர்த்தம், குழந்தைக்கும் தெரியும், நான் மூன்று தடவை காத்திருந்தேன். கடைசியாக ஒரு பையன் போனை எடுத்து இங்கிலீஷில் பேசினான், முதலாளி ஜோகன்னஸ்பர்க் போய்விட்டாராம். 11,400 ரேண்ட் கைக்குப் போனதும் தமிழும் போய்விட்டது.

வெருலத்தில் எங்கள் மாமா ஒருவர், கரும்பு லாரிகளுக்கு அடியிலேயே முப்பது வருடம் படுத்தவர். முதலிலேயே அவரிடம் போயிருக்கலாம், அவருக்கு இப்போது முழங்கால் வலி, தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உதறல் கையில் தெரியுதா, குண்டியில் தெரியுதா?" சீட்டில் என்றேன். "அப்போ பின்பக்கம், தம்பி" என்றார்.

அரைத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலைச் சீட்டில் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். 100-ல் போகும்போது நியூட்ரலில் போடச் சொன்னார். போட்டேன், இன்ஜின் சத்தம் இறங்கியது, உதறல் இறங்கவில்லை. இன்ஜினையும் கிளச்சையும் விட்டுவிடு என்றார். பாட்டிலில் தண்ணீர் பெரிய அலையாக ஆடியது, அதாவது மெதுவான அடி. என் சக்கரம் 100-ல் நிமிடத்துக்கு 800 தடவை போலச் சுற்றும், அதாவது நொடிக்குப் பதிமூன்று, அது உடம்புக்குத் தனித்தனி அடியாகத் தெரியும். டிஃப் நாலுக்கு ஒன்று, அதாவது ஷாஃப்ட் நாலு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று, என்பதால் ப்ரொப்ஷாஃப்ட் 3,200 சுற்றுக்கு மேல் போகும், நொடிக்கு ஐம்பதுக்கு மேல், அது அடியாகத் தெரியாது, ரீங்காரமாகத்தான் தெரியும். எனக்கு முதலில் இருந்தது அடி. அவன் மாற்றினது ரீங்காரம் போடுகிற சாமானை.

வீட்டுக்கு வந்து முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றினோம், இருபது நிமிட வேலை. திரும்ப ஓட்டினால் சீட் அமைதி, ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. தீர்ந்தது, சக்கரம்தான். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு செங்கல்லில் ஸ்க்ரூடிரைவரை வைத்து டயர் முகத்தை ஒட்டினாற்போல் நீட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஒரு இடத்தில் மட்டும் டயர் வந்து அதைச் சுரண்டியது, மற்ற இடமெல்லாம் மூன்று நாலு மில்லி தள்ளியே போனது. உள்ளே இருக்கிற கம்பிப் படலம் பிரிந்து டயர் அங்கே வீங்கியிருக்கிறது. சுவரில் நாலு இலக்கம், 2216, அதாவது 2016-ல் 22-வது வாரம் செய்த டயர். பேலன்ஸ் மெஷின் எடையைத்தான் பார்க்கும், வட்டமா என்று பார்க்காது, எதிர்ப்பக்கம் ஈயம் ஒட்டினால் கோணல் டயரும் சைபர்தான் காட்டும். மெஷின் பொய் சொல்லவில்லை, நான்தான் அது சொல்லாததையும் கேட்டுக்கொண்டேன்.

புது டயர் 1,650. அடி போனது. ரீங்காரம் மட்டும் மிச்சம். நேற்று ராத்திரி டார்ச்சோடு இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் படுத்தோம். பின் ஷாஃப்டின் இரண்டு முனையில் யூனிவர்சலைப் பிடித்திருக்கும் கவைகளும் ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும், எங்களுடையது ஷாஃப்ட் இணைப்பில் இருக்கிற பல்லில் இரண்டு பல் திரும்பி நின்றது. கழற்றும்போது சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளாமல் கழற்றி, தோன்றினபடி மாட்டியிருக்கிறான். மாமா நகத்தால் ஷாஃப்டைச் சுரண்டினார். ஸ்ப்ரே பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது, அடியில் துரு. யூனிவர்சலின் சர்க்கிளிப்பில் துரு. கிரீஸ் நிப்பிளுக்கு உள்ளேயும் பெயிண்ட். சென்டர் பேரிங் ரப்பரில் வெடிப்பு, வெடிப்புக்குள்ளும் பெயிண்ட். எதுவுமே மாற்றவில்லை. என் பழைய ஷாஃப்டை எனக்கே 6,800-க்கு விற்றிருக்கிறான். நான் பேசாமல் படுத்திருந்தேன். மாமாதான் "விபூதி வேற பூசிட்டு வந்தியே" என்றார்.

சென்டர் பேரிங் 650-க்கு வாங்கி மாட்டி, கவைகளை நேராக வைத்துப் போல்ட் போட்டோம். ரீங்காரம் போச்சு. ஆக நிஜமான செலவு 2,300, மாமாவுக்கு ஒரு கட்டு கொத்தமல்லி. போனது 11,400.

இன்றைக்குக் கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன், பதில் வராவிட்டால் மோட்டார் துறைக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். 2008-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 67-வது பிரிவு கழற்றின பழைய சாமானை நமக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது, 57-வது பிரிவு போட்ட சாமானுக்கும் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம். இதெல்லாம் முந்தாநாள்தான் படித்தேன்.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், மணி பதினொன்று ஆகிவிட்டது, மூன்று மணிக்கு லோடு ஏற்ற வேண்டும். அதனால் சுருக்கமாக: ஹைவேயில் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். முதலில் சக்கரத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை. ஷாஃப்டைக் கழற்றும்முன் கோடு போடச் சொல்லுங்கள். பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். புதுச் சாமான் என்றால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இருட்டில் வண்டி எடுக்காதீர்கள். அவனுக்கு அனுப்பின செய்தியில் இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது, படித்துவிட்டான், பதில் இல்லை.